பார்ப்பதும் காண்பதும்

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும் இருவரின் உரையாடலைக் கவனித்தால், அது பெரும்பாலும் ஓரிரு சொற்களுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். ஒருவர் "பிடித்திருந்தது" என்கிறார். மற்றவர் "பிடிக்கவில்லை" என்கிறார். ஏன் என்று கேட்டாலோ, "அது அவரவர் ரசனை" என்ற விடை வந்து கதவை அடைத்துவிடுகிறது. உணவில் ஒருவருக்குக் காரமும் மற்றவருக்குப் புளிப்பும் பிடிப்பது போலப் படத்திலும் அவரவர்க்கு உகந்தது அவரவர்க்கு. இதில் சரி எது, தவறு எது, ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கத்தான் என்ன இருக்கிறது என்பது பொதுவான எண்ணம்.

இந்த எண்ணத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. கட்டாயத்தின் பேரில் எவரும் எதையும் ரசித்துவிட முடியாது. ஆனால் இதை முழு உண்மையாகக் கொண்டுவிட்டால், ரசனையைப் பொறுத்தவரை மனச்சான்றுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம், எதற்காகக் கண்ணீர் விடுகிறோம், யாருடைய வீழ்ச்சிக்குக் கைதட்டுகிறோம் என்பன எல்லாம் நம் உள்ளத்தைத் தொடாமலே கடந்துபோகும் காரியங்கள் என்றாகிவிடும். அப்படி அவை கடந்துபோகின்றனவா என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நல்லது.

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நீளும் இந்த வானம் பார்த்த பூமியில் சினிமா ஒருபோதும் சிறிய செய்தியாக இருந்ததில்லை. மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, கருவேல மரங்கள் மட்டுமே பசுமை காட்டும் மாதங்களில், பகலெல்லாம் தறியிலும் காட்டிலும் உழைத்தவர்களுக்கு இரவுக் காட்சியே இளைப்பாறுதலாக இருந்த காலம் உண்டு. டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து, ஒற்றை எந்திரத்தில் சுருள் மாற்றும் இடைவேளைகளைப் பொறுத்துக்கொண்டு படம் பார்த்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அந்த உறவு பொழுதுபோக்கோடு நின்றுவிடவுமில்லை. 1977ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று வென்ற எம்.ஜி.ஆர். தமிழகத்தின் முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியை யார் எவ்வாறு மதிப்பிட்டாலும், திரையில் கண்ட முகம் ஒன்று மக்கள் மனத்தில் எத்துணை ஆழமாக இடம்பெறக்கூடும் என்பதை இந்த மண் அறிந்திருக்கிறது. ஆகவே, படத்தை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி நம் பொது வாழ்வையும் தொடுகின்ற கேள்வியாகும்.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட பங்கும் உண்டு. தென்னகத்தில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டிய முன்னோடியான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905ஆம் ஆண்டில் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் அவர் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைச் சித்திரித்த மௌனப் படம். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் அவர் எழுப்பினார். தமிழ் மக்களுள் பலர் வெண்திரையில் முதன்முதலாகக் கண்ட அசையும் உருவங்களுள் நம் ஆண்டவரின் உருவமும் ஒன்று என்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஆயினும், தொடக்கத்தில் திருச்சபையின் குரல் பெரும்பாலும் வாயிற்காவலரின் குரலாகவே ஒலித்தது. 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றி எழுதிய சுற்றுமடலில், தீய படங்களிலிருந்து மக்களைக் காப்பதே முதன்மையான கவலையாக இருந்தது. அந்தக் கவலை பொய்யானதன்று. இன்றும் அதற்குத் தேவை இருக்கிறது. ஆனால் 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதிய மடல் இன்னும் ஓரடி முன்னே சென்றது. பார்வையாளர்கள் படத்தைப் புரிந்து பார்ப்பதற்குப் பயிற்சி பெற வேண்டும் என்று அது கூறியது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி வெளியிட்ட ஏடும் இளைஞருக்கு அத்தகைய பயிற்சியை வலியுறுத்தியது. திரைப்படக் கலைக்கு நூறாண்டு நிறைவுற்ற 1995ஆம் ஆண்டில், சமயம், நன்னெறி, கலை என்னும் மூன்று தலைப்புகளில் 45 சிறந்த படங்களின் பட்டியலை வத்திக்கான் வெளியிட்டது. 'எதைப் பார்க்கக் கூடாது' என்ற கேள்வியோடு 'எதை, எப்படிப் பார்க்க வேண்டும்' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் ரசனை என்பது கற்றுக்கொள்ளக் கூடியதா? அருப்புக்கோட்டைப் பக்கத்து நெசவாளர் ஒருவரிடம் சேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நாம் நிறத்தைப் பார்ப்போம், கரையைப் பார்ப்போம், நன்றாக இருக்கிறது என்போம். அவரோ துணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பார். விரல்களுக்கிடையே நீவுவார். பாவும் ஊடையும் எங்கே நெருக்கம் குறைந்திருக்கின்றன, எங்கே இழை அறுந்து முடிச்சிடப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய், "இதெல்லாம் அவரவர் ரசனை ஐயா" என்று நாம் சொல்வதில்லை. துணியில் உள்ளதைத்தான் அவர் சொல்கிறார். நம் கண்ணுக்கு இன்னும் அது புலப்படவில்லை, அவ்வளவே.

டேவிட் ஹியூம் என்ற ஸ்காத்லாந்து மெய்யியலார் 1757இல் ரசனையைப் பற்றி எழுதிய கட்டுரையில், செர்வாந்தேசின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாளுகிறார். பீப்பாய்த் திராட்சை இரசத்தைச் சுவைத்த இருவரில் ஒருவர், இரசம் நல்லதுதான், ஆனால் தோலின் வாடை சிறிது இருக்கிறது என்றார். மற்றவர், இல்லை, இரும்பின் சுவை தெரிகிறது என்றார். சுற்றியிருந்தோர் இருவரையும் எள்ளி நகையாடினர். பீப்பாய் காலியானபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய இரும்புச் சாவி ஒன்று கிடந்தது. ரசனையின் கூர்மை என்பது இல்லாததைக் கற்பனை செய்வதில் இல்லை. உள்ளே கிடப்பதை உணர்வதில்தான் இருக்கிறது என்பதே இக்கதையின் பொருள்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பது என்னைப் பற்றிய செய்தி. "இது நன்றாக இருக்கிறது" என்பது படத்தைப் பற்றிய செய்தி. சிறுவயதில் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்தோம் என்பதற்காகவே ஒரு சாதாரணப் படம் நமக்குப் பிடித்துப்போகலாம். அதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் முதல் கூற்றைச் சொல்லிவிட்டு இரண்டாவதையும் சொல்லிவிட்டதாக நினைக்கும்போதுதான் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பிடித்தல் ரசனைக்குத் தொடக்கம். அதுவே அதன் முடிவாகிவிடக் கூடாது.

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் பெத்சாய்தாவின் பார்வையற்றவர் குணம் பெறும் நிகழ்ச்சி வருகிறது. இயேசு அவரை முதன்முறை தொட்டபோது அவருக்குப் பார்வை வந்தது. ஆனால் நடமாடும் மனிதர்கள் அவருக்கு மரங்களைப் போலத் தோன்றினர். இரண்டாம் முறை தொட்ட பிறகே அவர் அனைத்தையும் தெளிவாகக் கண்டார். ஒரே தொடுதலில் நலமளிக்க வல்லவர் இங்கே ஏன் இரண்டு முறை தொட வேண்டும் என்று மறையுரையாளர் பலர் சிந்தித்திருக்கின்றனர். பார்வை கிடைப்பது ஒன்று, காண்பது மற்றொன்று என்பதை நாம் உணர்ந்துகொள்வதற்காகவும் இருக்கலாம். திரைப்படத்தைப் பொறுத்தவரை நம்மில் பெரும்பாலோர் முதல் தொடுதலோடு எழுந்து வந்துவிடுகிறோம். கதை தெரிகிறது, பாட்டு தெரிகிறது, சண்டை தெரிகிறது. மனிதர்கள் மட்டும் மரங்களாகத் தெரிகிறார்கள்.

இரண்டாம் பார்வை எப்படிப்பட்டது என்பதற்கு, இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ டி சிக்கா 1948இல் உருவாக்கிய 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பார்க்கலாம். வத்திக்கான் பட்டியலில் நன்னெறிப் படங்களுள் இடம்பெற்றிருப்பது இது. போருக்குப் பிந்திய ரோமில் சுவரொட்டி ஒட்டும் வேலை பெற்ற ஏழை ஒருவனுக்கு அவ்வேலைக்குச் சைக்கிள் தேவை. அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க, அவன் மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். கதை இவ்வளவே. ஆனால் அந்த அடகுக் கடையில் ஊழியர் ஒருவர் அவ்விரிப்பு மூட்டையை எடுத்துக்கொண்டு உயர்ந்த அடுக்குகளின் மேல் ஏறுகிறார். கூரைவரை விரிப்பு மூட்டைகளாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல் பேசப்படவில்லை. ஒரு குடும்பத்தின் கதையைப் பார்த்துக்கொண்டிருந்த நாம், அந்த ஒரு காட்சியில் நகரம் முழுவதன் வறுமையைக் கண்டுவிடுகிறோம். இறுதியில் அந்தத் தந்தை தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்முன்னே பிடிபட்டு அவமானப்படும்போது, சிறுவன் கீழே விழுந்த தந்தையின் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான். பின்னர் அவர் கையைப் பற்றிக்கொள்கிறான். தீர்ப்பும் மன்னிப்பும் அந்தச் சிறு கையின் பிடிப்பில் அடங்கியிருக்கின்றன.

நம் தமிழிலும் இத்தகைய படங்கள் இல்லாமல் இல்லை. மகேந்திரன் 1979இல் எடுத்த 'உதிரிப்பூக்கள்' படத்தின் முடிவை எண்ணிப் பார்ப்போம். மனைவியை வதைத்துச் சாகவிட்ட கொடியவனை ஊரார் திரண்டு ஆற்றுக்குத் துரத்திச் சென்று, தானாகவே மூழ்கிச் சாகுமாறு நெருக்குகிறார்கள். வழக்கமான படமாயிருந்தால் கொட்டகை அதிரக் கைதட்டல் எழும் இடம் இது. ஆனால் அவனோ, இதுவரை தான் ஒருவனே கெட்டவன் என்றும், இப்போது நல்லவர்களாயிருந்த உங்கள் எல்லாரையும் தன்னைப் போலவே ஆக்கிவிட்டதுதான் தான் செய்த பெரும் பாவம் என்றும் கூறிவிட்டு நீருக்குள் இறங்குகிறான். தாயை முன்பே இழந்த அவனுடைய இரு குழந்தைகளும் தந்தையையும் இழந்து நிற்கின்றனர். தட்டுவதற்கு உயர்ந்த நம் கைகள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. முதல் பார்வையில் நாம் கண்டது தீயவனின் தண்டனை. இரண்டாம் பார்வையில் காண்பது நம் உள்ளத்தில் ஒளிந்திருந்த பழிவாங்கும் வேட்கை. ஒரு நல்ல மனச்சான்று ஆய்வுக்கு ஒப்பானது இந்தக் காட்சி.

இங்கே இரண்டு தடைகளை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதல் தடையை எழுப்புகிறவர் சாதாரணமானவர் அல்லர், புனித அகுஸ்தினார். தம் வாழ்க்கையைக் கடவுள் முன்னிலையில் அறிக்கையிட்ட நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேஜ் நகரில் மாணவராக இருந்தபோது நாடகங்களின்மீது தமக்கிருந்த மோகத்தை அவர் எண்ணிப் பார்க்கிறார். மேடையில் நடிக்கப்படும் துன்பத்தைக் கண்டு அழுவதில் மனிதனுக்கு ஏன் இன்பம் உண்டாகிறது? அங்கே துன்புறுவோருக்கு உதவும்படி எவரும் நம்மை அழைப்பதில்லை. வருந்தும்படி மட்டுமே அழைக்கிறார்கள். இத்தகைய இரக்கம் எவ்வகை இரக்கம் என்பது அவர் கேள்வி. பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இக்கேள்வியின் கூர்மை மழுங்கவில்லை. திரையில் வரும் அநாதைக்காக முந்தானை நனைய அழுதுவிட்டு, வாசலில் நின்று கையேந்தும் குழந்தையை விரட்டிவிட்டுப் போகிறவர்கள் நாமாகவும் இருக்கக்கூடும். படம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. இன்னும் சொல்லப்போனால், உயர்ந்த படத்துக்காக விட்ட கண்ணீர் உயர்ந்த கண்ணீர் என்ற நிறைவையும் சேர்த்துக் கொடுத்துவிடும்.

இரண்டாம் தடை செருக்கு. சிறந்த படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் பலமுறை உடன் கற்றுக்கொள்வது, மற்றவர்களின் ரசனையை இகழ்வதைத்தான். 1978இல் தெலுங்கில் வெளிவந்து, 'கருணாமூர்த்தி' என்ற பெயரில் தமிழிலும் வந்த இயேசுவின் வரலாற்றுப் படத்தை நம் மக்கள் பக்தியோடு பார்த்தார்கள். இத்தாலியர் பசோலினி 1964இல் எடுத்த 'மத்தேயு நற்செய்தி'யோ வேறு வகையானது. தொழில்முறை நடிகரல்லாத சாதாரண மக்களைக் கொண்டு, அலங்காரம் ஏதுமின்றிக் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட படம் அது; அதில் முதிய வயது மரியாவாக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தாயார். கலை நோக்கில் இரண்டாவது படம் மிக உயர்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் முன்னதைப் பார்த்துச் சிலுவைக் காட்சியில் கைகூப்பிய மூதாட்டியின் உள்ளத்தில் நடந்ததை அளக்கும் கோல் எந்தத் திறனாய்வாளரிடமும் இல்லை. படத்தைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லலாம். பார்த்தவரின் ஆன்மாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. மேலும், பசோலினி கடவுள் நம்பிக்கையற்றவராகவும் மார்க்சியராகவும் அறியப்பட்டவர். அவர் தம் படத்தைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அப்படம் பின்னாளில் வத்திக்கான் பட்டியலிலும் சேர்ந்தது. தெளிவான பார்வை எந்தத் திசையிலிருந்து வரும் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட முடியாது.

இவ்விரு தடைகளுக்கும் வாழ்ந்து காட்டிய விடையாக ஒருவரைக் குறிப்பிடலாம். சத்யஜித் ராய் 1950இல் இலண்டனில் 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பார்த்தார். அது அவரை உலுக்கியது. எளிய மனிதர்களை அவர்களுடைய இடத்திலேயே வைத்துப் படமெடுக்கும் துணிவை அவருக்கு அளித்தது. 1955இல் 'பாதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. அதைத் தொடர்ந்து அப்பு என்ற சிறுவனின் வாழ்க்கையைச் சொல்லும் மேலும் இரு படங்கள் வந்தன. 1961இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட கனடா நாட்டு இயேசு சபைத் துறவி காஸ்தோன் ரொபேர்ஜ், வழியில் நியூயார்க்கில் அந்த மூன்று படங்களையும் பார்த்தார். வங்காளத்தில் காலடி வைக்குமுன்னரே வங்காளத்து ஏழைக் குடும்பம் ஒன்றை அவர் இவ்வாறு சந்தித்துவிட்டார். பின்னர் ராயின் நண்பரானார். 1970இல் கொல்கத்தாவில் 'சித்ரபாணி' என்ற தொடர்பியல் மையத்தை நிறுவினார். திரைப்படத்தைப் பார்க்கக் கற்பிப்பதையே தம் மறைப்பணியின் பெரும் பகுதியாகக் கொண்டு, 2020இல் அந்நகரிலேயே கண்மூடினார். அவரைப் பொறுத்தவரை திரை ஒரு வாசல். அதன் வழியே நுழைந்தவர் அம்மக்களிடையே தம் வாழ்நாளைக் கழித்தார். அகுஸ்தினாரின் கேள்விக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இருக்க முடியுமா?

இனி நம் கரிசல் மண்ணுக்குத் திரும்புவோம். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவி, கே. பாலசந்தர் 1981இல் எடுத்த படம் 'தண்ணீர் தண்ணீர்'. குடிநீர் இல்லாத அத்திப்பட்டி என்ற சிற்றூரின் கதை. மனுக்கொடுத்து ஓய்ந்த மக்கள் தாங்களே கால்வாய் வெட்ட முனையும்போது அதிகாரம் குறுக்கே வருகிறது. அரசியல் நையாண்டிக்காக இப்படம் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் இதில் மற்றொரு காட்சி உண்டு. சிறையிலிருந்து தப்பிய கொலைக் குற்றவாளி ஒருவன் தாகத்தோடு அந்த ஊருக்கு வருகிறான். செவந்தி என்ற பெண், காவலர் ஒருவரின் மனைவி, அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் ஊரில் இருப்பவர்களுக்கு இது கதையைத் தொடங்கிவைக்கும் ஒரு சிறு நிகழ்ச்சி. ஒரு குடம் தண்ணீருக்காகக் கோடையில் நெடுந்தூரம் நடந்த தாய்மார்களைக் கண்டு வளர்ந்த பாளையம்பட்டிப் பக்கத்தாருக்கு அந்தக் குவளையின் எடை தெரியும். முன்பின் அறியாத ஒருவனுக்கு, அவன் யார் என்று விசாரியாமல், தன் உழைப்பின் ஒரு பகுதியை அவள் ஊற்றிக் கொடுக்கிறாள். ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று ஆண்டவர் சொன்னதை விளக்க இதற்கு மேல் ஒரு மறையுரை தேவையில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. ஆழ்ந்து ரசிப்பதற்கு நகரத்து நூலகங்களும் திரைப்படச் சங்கங்களும் மட்டுமே வழி என்பதில்லை. அவை உதவும், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி ஆகியவற்றின் இலக்கணம் தெரிந்தால் பார்வை கூர்மையடையும். ஆனால் வறட்சியை அறிந்த கண், கடனை அறிந்த கண், தறியில் இழை பார்த்துப் பழகிய கண் ஆகியவற்றுக்குத் தனித்ததொரு திறன் இருக்கிறது. நம் மக்களிடம் இல்லாதது கண் அன்று; நின்று நிதானித்துப் பார்க்கும் பழக்கமும், பார்த்ததைக் கூடிப் பேசும் பழக்கமுமே. டூரிங் கொட்டகை மறைந்து, படம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இந்நாளில் அந்தப் பழக்கம் மேலும் அரிதாகிவிட்டது. பிடிக்கவில்லை என்றால் விரலால் தள்ளிவிடுகிறோம். தள்ளிவிடும் விரலுக்கு இரண்டாம் பார்வை வாய்ப்பதில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில், ஃபெலினியின் 'லா ஸ்த்ராதா' தாம் பெரிதும் நேசித்த படம் என்று கூறினார். அத்தோடு, தம் திரைப்பட அறிவுக்காகத் தம் பெற்றோருக்கே கடமைப்பட்டிருப்பதாகவும், அவர்களே தங்களை அடிக்கடி படங்களுக்கு அழைத்துச் சென்றதாகவும் குறிப்பிட்டார். பெற்றோராகிய நமக்கு இது நல்ல படிப்பினை. மாதம் ஒரு முறை நல்ல படம் ஒன்றைப் பிள்ளைகளுடன் அமர்ந்து முழுமையாகப் பார்க்கலாம். பங்கு இளைஞர் மன்றமும் அன்பியங்களும் இதைச் செய்யலாம். முடிந்ததும் "பிடித்ததா" என்று கேட்பதற்குப் பதிலாக, "யாரைக் கண்டாய்" என்று கேட்கலாம். எந்த இடத்தில் படம் பேசாமல் இருந்தது, யாருடைய முகத்தை நமக்குக் காட்டாமல் விட்டது, எந்த இடத்தில் நாம் சிரித்தோம், சிரித்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். இக்கேள்விகளுக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் கதையை லூக்கா எழுதும்போது, குருவும் அவரைக் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார் என்று ஒரே சொல்லால் மூவரையும் குறிக்கிறார். மூவருக்கும் கண் இருந்தது; மூவர் முன்னும் ஒரே காட்சிதான் இருந்தது. முன்னிருவர் பார்த்துவிட்டு விலகிச் சென்றனர். மூன்றாமவர் மட்டுமே கண்டு, மனமிரங்கி, அருகே சென்றார். நம் ரசனை வளர்ந்திருக்கிறதா என்பதற்கு எத்தனை படங்களை அறிவோம் என்பது அளவாகாது. அரங்கைவிட்டு வெளியே வந்து, அல்லது கைப்பேசியைக் கீழே வைத்து நிமிரும்போது, எதிரே இருக்கும் மனிதர் நமக்கு மரமாகத் தெரிகிறாரா, மனிதராகத் தெரிகிறாரா என்பதே அளவு.